மேஃபிளவர் 1:60 மரக்கப்பல் பெட்டி: தச்சு வேலை சரி, சரித்திரத்தில் கொஞ்சம் திருத்தம் வேண்டும்

மேஃபிளவருக்கு வரைபடம் கிடையாது. 1620 இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறப் போனவர்களை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலை அக்காலத்தவர் வரைந்த படம் எதுவும் மிஞ்சவில்லை. குடியேற்றத்தின் ஆளுநராகப் பல ஆண்டுகள் இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் 'ஏறத்தாழ 180 தொன்' என்று எழுதியதோடு சரி. கப்பல் தலைவர் கிறிஸ்தோபர் ஜோன்ஸ் 1622 இல் இறந்தார். 1624 இல் கப்பலை மதிப்பிட்டபோது அது பழுதாகிக் கிடந்தது. 128 பவுண் 8 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை போட்டார்கள். அதன் பிறகு கப்பலைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை.

ஆகவே 'அசல் மேஃபிளவர்' என்று அட்டையில் அச்சடித்து வரும், மாதிரிக் கப்பல் கட்டும் எந்தப் பெட்டியும் ஊகந்தான். அந்த ஊகம் எவ்வளவு ஒழுங்கானது என்பதே கேள்வி. இன்று விற்பனையில் உள்ள மாதிரிகளில் பெரும்பாலானவை வில்லியம் பேக்கர் என்ற கப்பல் வடிவமைப்பாளர் போட்ட திட்டத்தையே பின்பற்றுகின்றன. அந்தத் திட்டத்தின்படிதான் இங்கிலாந்தின் பிரிக்சம் ஊரில் மேஃபிளவர் 2 கட்டப்பட்டு, 1957 இல் பாய் விரித்து அத்திலாந்திக்கைக் கடந்தது. பேக்கர் பிடித்த நூல் அந்த 180 தொன். அன்று தொன் என்றால் எடை இல்லை, பெரிய வைன் பீப்பாய் எத்தனை அடுக்கலாம் என்ற கணக்கு. ஜோன்ஸின் கப்பல் முன்பு பிரான்சிலிருந்து வைன் ஏற்றிய கப்பல்தானே. ஏராவின் (கப்பலின் அடிமுதுகெலும்பு) நீளம், கப்பலின் அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் வகுத்தால் தொன் வரும். 58 × 25 × 12.5 என்று போட்டால் 181 சொச்சம்.

இந்தக் கணக்கை வைத்தே நாம் இங்கே பார்க்கும் பெட்டியையும் சோதிக்கலாம். 1:60 என்றால், அதாவது நிஜத்தில் அறுபதில் ஒரு பங்கு என்றால், ஏரா 29.5 செ.மீ., அகலம் 12.7 செ.மீ. வரவேண்டும். மேலே ஒட்டப்போகும் இரண்டு அடுக்குப் பலகையும் ஒரு பக்கத்துக்கு 2.1 மி.மீ. கனம். ஆகவே பெட்டியில் உள்ள மிக அகலமான வங்குப் பலகை (கப்பலின் விலா எலும்பு) ஏறத்தாழ 123 மி.மீ. இருக்க வேண்டும். இருக்கிறது. கப்பலின் உடலைப் பொறுத்தவரை இந்த ஐரோப்பியத் தயாரிப்பாளர் ஒழுங்காகவே அளந்திருக்கிறார். கை நழுவியது தளத்துக்கு மேலேதான்.

(ஏரா என்பது கப்பலின் அடிமுதுகெலும்பு. வங்கு விலா எலும்பு. அணியம் முன்புறம். பருமல் பாயைத் தாங்கும் குறுக்குமரம். தமிழ்க் கப்பற்காரரின் பழைய சொற்கள் கைவசம் இருக்கும்போது பெட்டியோடு வரும் ஆங்கிலப் பட்டியலை அப்படியே எழுத்துக்கூட்டி எழுதுவானேன்? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் போய்ச் சேர்ந்த குளொஸ்டர் துறைமுகமும் பிளிமத் இருக்கும் அதே மசாசுசெற்ஸ் கரையில்தான் இருக்கிறது.)

பெட்டிக்குள் இருப்பவை

இயந்திரத்தால் வெட்டிய பிளைவூட்டில் ஏராவும் 11 வங்குகளும். முதல் அடுக்குக்கு 1.5 × 5 மி.மீ. லைம் மர (எலுமிச்சை அல்ல, லிண்டன்) வரிச்சு 70. இரண்டாம் அடுக்குக்கு 0.6 × 5 மி.மீ. வால்நட் வரிச்சு. பாய்மரங்களுக்கு 8, 6, 4 மி.மீ. உருளைக் கம்புகள். கயிறு கோக்க மூன்று துளையுள்ள 'கண் கட்டைகள்' இரண்டு அளவில். பித்தளை வளையம், ஆணி. ஈயக் கலவையில் வார்த்த பீரங்கிகளும் நங்கூரமும். தைத்த பாய்ச் சீலை, பருத்தி நூல், அச்சடித்த கொடி, வண்ணக் காகிதப் பட்டை, வரைபடத் தாள் மூன்று, 24 பக்கக் கைநூல் ஒன்று.

வெட்டு வேலை சுத்தம். லேசர் கருக்கிய விளிம்பை மட்டும் 180 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுத்துவிடுங்கள். கரிப்படலத்தின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. லைம் மரமும் நல்லது, நார் நேராக ஓடுகிறது. ஆனால் 70 வரிச்சு போதாது. அகன்ற இடத்தில் ஒரு பக்கத்துக்கு 36, இரண்டு பக்கத்துக்கும் 72. உடைவதும் பிழையாகப் போவதும் சேர்ந்தால் 80 இல்லாமல் முடியாது. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் சொன்னால் இதே கனத்தில் ஏதாவது வெண்மரம் சீவித் தருவார்கள். முதல் அடுக்கு வெளியில் தெரியாது என்பதால் மர வகை பெரிய விஷயமில்லை. முடிச்சு இல்லாமல், கனம் ஒரே சீராக இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஈரத்தைப் பாருங்கள்

கைநூல் உலர்ந்த குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியது. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 முதல் 90 வீதம் வரை நிற்கும். குளிரூட்டி போட்ட அறையில் அது 55 அளவுக்கு இறங்கிவிடும். மரம் இந்த இரண்டுக்கும் இடையில் ஊதும், சுருங்கும். ஒரு வரிச்சு 0.1 மி.மீ. சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. 36 வரிச்சும் அப்படிச் சுருங்கினால் 3.6 மி.மீ. ஆகிறது, பலகைக்குப் பலகை வெடிப்பாக வந்து நிற்கிறது. ஆகவே கப்பல் கடைசியில் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே கட்டுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் திறந்த விறாந்தையில் வைக்கப்போகும் கப்பலைக் குளிரூட்டி அறையில் கட்டினால் பலகைகள் ஊதி ஒன்றையொன்று தள்ளி எழும்பும். மறுபக்கமாகச் செய்தால் வெடிக்கும். பெட்டியைப் பிரித்து, மரங்களை நூலால் தளர்வாகக் கட்டி, மட்டமான பலகையில் ஒரு வாரம் அந்த அறையிலேயே கிடக்க விடுங்கள்.

பிளைவூட் ஏரா வளைந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டில் படுக்கவைத்து, அடியில் கடதாசி நுழைகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். 1 மி.மீ. வளைவு என்றால் வங்குகள் ஏறும்போது நிமிர்த்திவிடலாம். 2 மி.மீ. தாண்டினால் குழிந்த பக்கத்தை நனைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பாரம் வைத்து மூன்று நாள் விடுங்கள். வளைந்த ஏராவில் கட்டிய கப்பலைப் பிறகு எந்த வித்தை காட்டியும் நேராக்க முடியாது.

வேலையைத் தை, மாசியில் தொடங்குவது உத்தமம். தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் வெள்ளை மரப்பசை காய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். சுப்பர் குளூ இதற்கு நேர்மாறு. ஈரத்தில் அது கண் மூடித் திறப்பதற்குள் இறுகுவதோடு, மரத்தில் வெண்படலமும் போட்டுவிடும். வால்நட்டின் கபில நிறத்தில் அந்த வெண்மை அசிங்கமாகத் தெரியும். முதல் அடுக்குக்கு மரப்பசை மட்டும் போதும். இரண்டாம் அடுக்கில் பலகையின் நடுவில் மரப்பசையும் இரண்டு நுனிகளில் ஊசிமுனை அளவு சுப்பர் குளூவும் வையுங்கள். திறக்காத குப்பியை பிரிட்ஜில் வைக்கலாம். வெளியில் எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் வியர்த்துப் பசை குப்பிக்குள்ளேயே கட்டியாகிவிடும்.

பலகை அடிப்பது

கைநூல் இந்தப் பகுதியை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது. வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

வங்குகளை ஏராவில் ஒட்டிக் காய்ந்தபின், அணியத்துப் பக்கம் இருக்கும் மூன்றையும் பின்புறத்து இரண்டையும் சரிவாகச் சீவ வேண்டும். மெல்லிய வரிச்சு ஒன்றை வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்துப் பாருங்கள். வங்கின் முழு விளிம்பிலும் அது படிய வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டால் இன்னும் சீவ வேண்டும் என்று அர்த்தம். மேஃபிளவரின் அணியம் பூசணிக்காய் போல உருண்டது, வளைவு கடுமையானது. முதல் இரண்டு வங்குகளுக்கு இடையில் பால்சா என்ற மென்மரத்தை நிரப்பித் தேய்த்து உருட்டினால் வரிச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். பெட்டியில் பால்சா தரவில்லை. இந்த விலைக்கு இரண்டு துண்டு போட்டிருக்கலாம்.

அடுத்தது அளவு. கடதாசிப் பட்டை ஒன்றை அகன்ற வங்கில் தளத்து ஓரம் முதல் ஏரா வரை சுற்றி வெட்டுங்கள். 180 மி.மீ. வரும். அதே சுற்றை அணியத்தில் எடுத்தால் 115 அளவில் நிற்கும். 180 ஐ 5 ஆல் வகுத்தால் 36 பலகை. 115 ஐ 36 ஆல் வகுத்தால் 3.2. ஆக, ஒவ்வொரு வரிச்சும் நடுவில் 5 மி.மீ., அணியத்தில் 3.2 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். பாதிக்குக் கீழே, அதாவது 2.5 க்குக் கீழே, குறுக்கவே கூடாது. அப்படிக் குறுகிய நுனி குண்டூசி குத்தும்போது பிளந்துவிடும். கைநூல் படத்தில் வரிச்சுகள் குறுகாமல் அப்படியே போய் அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அதைப் பார்த்துச் செய்பவர்கள் பத்தாவது வரிச்சில் மாட்டிக்கொள்வார்கள். பின்புறத்தில் நிலைமை எதிர்மாறு. அங்கே சுற்று விரியும், இடையில் முக்கோண ஆப்புப் பலகை செருக வேண்டிவரும்.

வரிச்சைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவிட்டு வளையுங்கள். வால்நட்டுக்கு 10 நிமிடம் போதும். ஊறிய கையோடு ஒட்டுவதுதான் எல்லோரும் விடும் பிழை. ஈர மரம் ஊதியிருக்கும், ஒட்டியபின் காய்ந்து சுருங்கும், இடைவெளி விழும். ஊறியதை வங்கில் கவ்வி போட்டு வளைத்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். மழைக்காலமென்றால் ஒரு முழு நாள். பிறகு கழற்றிப் பசை வைத்து ஒட்டுங்கள். பொறுமை சோதிக்கும் வேலைதான். ஆனால் 36 தடவை இப்படிச் செய்த கப்பலுக்கும் செய்யாத கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாறி மாறி அடியுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால், காய்ந்து இழுக்கும் பலகை ஏராவையே வாழைப்பழமாக வளைத்துவிடும்.

முதல் அடுக்கை 120, 180 இலக்கத் தாளால் தேய்த்துக் குழிகளை மரப் புட்டியால் நிரப்புங்கள். இரண்டாம் அடுக்குக்குத் தனி ஆலோசனை வேண்டியதில்லை. முதல் அடுக்கு சமமாக இருந்தால் அது தானாக வரும்.

பாய்மரமும் கயிறும்

உருளைக் கம்புகளைக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் கோணல். கோணல் கம்பைப் பருமலுக்கு வெட்டிக்கொண்டு நேரானதைப் பாய்மரத்துக்கு வையுங்கள். நுனி குறுக்குவதற்குக் கம்பை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றித் தேய்ப்பது சுலபம்போலத் தோன்றும். நீளக் கம்பு சவுக்காக அடித்து உடையும். முதலில் சிறு சீவுளியால் நாலு மூலை, பிறகு எட்டு மூலை, அதன் பின் தாளால் உருட்டு. முன்னோர் செய்ததும் அப்படித்தான்.

பெட்டியின் பருத்தி நூலைத் தூக்கி ஓரத்தில் வையுங்கள். கொழும்பு ஈரத்தில் பருத்தி காலையில் இறுகும், மத்தியானம் தளரும், ஒரு வருடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கெய்சர் வீதி நூல் கடைகளில் பொலியெஸ்டர் தையல் நூல் எல்லாக் கனத்திலும் கிடைக்கும். நிறம் பார்த்து எடுங்கள். பாய்மரத்தை நிலையாக இழுத்துப் பிடிக்கும் கயிறு கீல் (தார்) பூசியது, ஆகவே கடுங்கபிலம். பாயை ஏற்றி இறக்கும் கயிறு வெளிர் மண்ணிறம். பெட்டி தரும் மைக்கறுப்பு இரண்டுக்கும் பொருந்தாது. கட்டுமுன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் மயிர் படியும். மெல்லிய நூல் 20 மீற்றர்தான் தருகிறார்கள். பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணியின் ஏணிப்படி கட்டவே 40 வேண்டும்.

ஏணிப்படிகளுக்கு இடையில் 6 மி.மீ. விடுங்கள். நிஜத்தில் அது ஏறக்குறைய 14 அங்குலம், ஒரு மாலுமியின் கால் எட்டும் அளவு. வரைபடம் காட்டும் 10 மி.மீ. படியில் ஏற இராட்சதன்தான் வரவேண்டும். 6 மி.மீ. கோடு போட்ட கடதாசியைக் கயிறுகளுக்குப் பின்னால் செருகிக்கொண்டு கட்டினால் கண் தவறாது. பக்கக் கயிறுகளை முன்னாலிருந்து பின்னாக, வலம் ஒரு சோடி, இடம் ஒரு சோடி என்று போடுங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் பாய்மரம் அந்தப் பக்கம் சாயும். பலகைக்குச் சொன்ன அதே நியாயம்.

1620 க்கு ஒவ்வாதவை

முதலாவது சுக்கான் சக்கரம். பெட்டியில் அழகான பித்தளைச் சக்கரம் ஒன்று இருக்கிறது. கப்பல்களில் சக்கரம் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். மேஃபிளவர் காலத்தில் தளத்துக்குக் கீழே இருந்த சுக்கான் பிடியை, தளத்தின் வழியே நிமிர்ந்து நிற்கும் ஒரு நெம்புகோல் கம்பால் இடமும் வலமும் தள்ளினார்கள். சக்கரத்தை விட்டுவிட்டு 2 மி.மீ. கம்பு ஒன்றை நட்டால் போதும்.

இரண்டாவது, முன்னால் நீட்டிய மரத்திலிருந்து பாய்மரத்துக்கு ஏறும் இரண்டு முக்கோணப் பாய். அதுவும் பிற்காலத்துச் சரக்கு. மேஃபிளவர் வகைக் கப்பலுக்கு ஆறு பாய்: முன் பாய்மரத்தில் இரண்டு, நடுப் பாய்மரத்தில் இரண்டு, முன்நீட்டு மரத்துக்குக் கீழே சதுரப் பாய் ஒன்று, பின் பாய்மரத்தில் சாய்ந்த பருமலில் முக்கோணப் பாய் ஒன்று. இங்கே பெட்டி எட்டுப் பாய் தருகிறது. இரண்டை எடுத்துவிட்டால் செலவும் வேலையும் மிச்சம். கூடவே அந்தச் சீலையின் தையலும் பெரிது. 1:60 இல் அந்தத் தையலைக் கயிறென்றுதான் நினைப்பார்கள். பாய்களைச் சுருட்டிப் பருமலோடு கட்டிவிடுவது புத்திசாலித்தனம். தூசியும் பூஞ்சணமும் குறையும்.

மூன்றாவது கொடி. பெட்டியில் வருவது இன்றைய பிரித்தானியக் கொடி. அதிலுள்ள அயர்லாந்தின் சிவப்புச் சாய்சிலுவை சேர்ந்தது 1801 இல். முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1606 இல் விதித்தபடி நடுப் பாய்மர உச்சியில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து சிலுவைகள் மட்டும் கலந்த கொடி, முன் பாய்மர உச்சியில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை. மெல்லிய சீலையில் வரைவது பத்து நிமிட வேலை.

நான்காவது, அடிப்பாகத்துக்குத் தந்திருக்கும் செப்புத் தகட்டுத் தாள். அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பழக்கம். 1620 இல் கப்பலின் அடியில் கொழுப்பு, கந்தகம், பிசின் காய்ச்சிப் பூசுவார்கள், அழுக்கு வெள்ளையாக இருக்கும். மங்கிய தந்த நிறம் பூசுங்கள். மேற்பக்கத்து வண்ணக் காகிதப் பட்டையும் ஈரத்தில் உரியும். அதே கோலத்தைக் கடதாசி வெட்டு வைத்துப் பூச்சாலேயே போடலாம்.

பீரங்கியைத் தவறென்று சொல்ல முடியாது. கப்பலில் பீரங்கி இருந்தது. 1621 இல் அவற்றில் சிலவற்றைக் கரையிறக்கிக் குன்றின் மேல் இழுத்தார்கள் என்பது பதிவு. ஆனால் வரைபடம் எல்லாச் சாளரத்தையும் திறந்து பீரங்கி வாய்களை வெளியே நீட்டச் சொல்கிறது. 102 பயணிகள் 66 நாள் படுத்து, சமைத்து, வாந்தியெடுத்துக் கிடந்தது அந்தத் தளத்தில்தான். பிரித்து அடுக்கிய ஒரு பெரிய தோணியையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். கரை சேர்ந்தபின் அதைச் சேர்த்துச் செப்பனிடத் தச்சனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. சாளரங்களை மூடுங்கள், ஒன்றிரண்டைத் திறந்து வையுங்கள்.

உள்வேலை காட்ட விரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. நடுக்கடலில் முக்கிய குறுக்கு உத்திரம் ஒன்று வெடித்து வளைந்தது. ஒல்லாந்திலிருந்து கொண்டுவந்த பெரிய இரும்புத் திருகால் அதைத் தூக்கி நிறுத்தி, கீழே முட்டுக்கொடுத்தார்கள். பக்கப் பலகை ஒன்றைத் திறந்து விடுகிறவர்கள் அந்தத் திருகையும் முட்டையும் வைத்தால் மாதிரிக்கு உயிர் வரும். பெட்டியில் இது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கைநூலின் சரித்திரப் பக்கங்கள்

நாலு பக்கம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் அதை அப்படியே படிக்கக் கொடுக்க வேண்டாம்.

'ஒல்லாந்தில் துன்புறுத்தப்பட்டுத் தப்பி ஓடினார்கள்' என்கிறது கைநூல். துன்புறுத்தல் இங்கிலாந்தில். ஸ்குரூபி ஊரைச் சேர்ந்த பிரிவினையாளர்கள் அரச திருச்சபையை விட்டு விலகிக் கூடியதால் அபராதத்துக்கும் சிறைக்கும் ஆளானார்கள். 1593 இல் இதே கொள்கைக்காரர் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். 1608 இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் 1609 இல் லைடனுக்கும் போனபின் தங்கள் விருப்பப்படி வழிபட அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. பின்னே ஏன் கிளம்பினார்கள்? நெசவு வேலையில் முதுகு ஒடிந்தது. பிள்ளைகள் ஒல்லாந்தராக மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினோடு இருந்த பன்னிரண்டு வருடப் போர்நிறுத்தம் 1621 இல் முடியவிருந்தது. தங்கள் வழிபாட்டோடு தங்கள் மொழியும் தங்கள் சமூகமும் நிலைக்கும் ஓர் இடம் தேடினார்கள்.

இங்கே வரும் ஊர்ப் பெயர்கள் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆம்ஸ்டர்டாம் என்று ஒல்லாந்தர் காரைநகருக்குப் பெயர் வைத்தார்கள். லைடன் வேலணைத் தீவு, டெல்ஃப் நெடுந்தீவு. லைடன் குடியேறிகள் முதலில் ஸ்பீட்வெல் என்ற சிறு கப்பலில் ஏறியது டெல்ஃப் நகரின் துறைமுகத்தில். லைடனில் அந்நியரின் வழிபாட்டை அனுமதித்த அதே ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தபின் இங்கே கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். யோசப் வாஸ் அடிகள் 1687 இல் மாறுவேடத்தில்தான் வந்திறங்கினார். மதச் சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வி கைநூலில் எழவே இல்லை. அமெரிக்காவிலும் அது உடனே எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அன்று தனியாக இருந்த பக்கத்து மசாசுசெற்ஸ் குடியேற்றம், மதச் சுதந்திரம் பேசிய பாதிரி றோஜர் வில்லியம்ஸை 1635 இல் வெளியேற்றியது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை 1660 இல் தூக்கிலிட்டது.

பயணம் 76 நாள் என்கிறது. பழைய நாட்காட்டிப்படி புறப்பாடு செப்ரெம்பர் 6, கேப் கொட்டில் நங்கூரம் இட்டது நவம்பர் 11. புதிய நாட்காட்டிப்படி 16 உம் 21 உம். எப்படி எண்ணினாலும் 66. கைநூல் எழுதியவர் புறப்பாட்டைப் பழையதிலும் வருகையைப் புதியதிலும் எடுத்திருக்கிறார்.

பின்னட்டையில் 'மூல ஒப்பந்தத்தின் நகல்' என்று பழுப்பேறிய ஒரு படம். தங்களைத் தாங்களே ஆளப் பயணிகள் கப்பலில் செய்த உடன்பாடுதான் இந்த மேஃபிளவர் ஒப்பந்தம். 41 ஆண்கள் கையெழுத்திட்ட அந்த மூலத்தாள் இன்று இல்லை. 1622 இல் லண்டனில் அச்சான சிறு நூலிலிருந்தும் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதியிலிருந்தும்தான் வாசகம் தெரியும். அது எழுதப்பட்ட காரணமும் பக்தி மட்டுமில்லை. கையில் இருந்த உரிமப் பத்திரம் வேர்ஜீனியா எல்லைக்குள் குடியேறுவதற்கு. கப்பல் சேர்ந்ததோ அதற்கு வடக்கே. 'இங்கே எங்களை ஆள யாருக்கும் அதிகாரமில்லை' என்று பயணிகளில் சிலர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 102 பேரில் லைடன் சபைக்காரர் ஏறக்குறைய பாதிதான் என்பதை நினைவில் வைத்தால் அந்த முணுமுணுப்பு விளங்கும்.

முதல் குளிர்காலத்தில் பாதிப்பேர் இறந்ததைச் சொல்கிறது. அவர்கள் வீடு கட்டிய இடம் பற்றுக்செற் என்ற ஊர், அங்கே வாழ்ந்த மக்களைச் சில வருடங்களுக்கு முன் வந்த கொள்ளைநோய் துடைத்துவிட்டது என்பதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த திஸ்குவாண்டம்தான் சோளம் நட்டு மீன் எரு போடக் கற்றுக்கொடுத்தவர்.

வாங்குவது பற்றி

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் பெட்டி விலையோடு அனுப்புக் கூலி, சுங்கத் தீர்வை, அதன்மேல் 18 வீத வற் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கருவிப் பெட்டி சேர்த்து விற்கும் பதிப்பு வேண்டாம். அதிலுள்ள வரிச்சு வளைக்கும் மின்கருவி இரட்டை உருண்டை முள்ளோடு வருகிறது, இங்குள்ள துளைக்கு அடப்டர் தேட வேண்டும். மற்றவை இங்கேயே மலிவு: சிறு அரம், குறடு, 0.5 மி.மீ. துளைமுனை எல்லாம் செட்டியார் தெருவில் நகைப் பட்டறைக்காரர் வாங்கும் கடைகளில். கவ்வி, சாண்ட் பேப்பர், வார்னிஷ் பழைய சோனகர் தெருவில்.

இதற்கு முன் மரக்கப்பல் கட்டாதவருக்கு இது முதல் பெட்டியாகச் சரிவராது. உருண்ட அணியம் தொடக்கக்காரரைக் கைவிட வைக்கும். தட்டையான அடியுள்ள படகு ஒன்றைக் கட்டிவிட்டு வாருங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு எட்டு முதல் பத்து மாத வேலை.

கண்ணாடிப் பெட்டி கட்டாயம். அடித்தட்டுக்கு மரநார் அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அதிலிருந்து வரும் அமில ஆவியில் ஈயப் பீரங்கிகள் வெண்பொடி பூத்து உதிரும். பீரங்கிக்கும் நங்கூரத்துக்கும் வார்னிஷ் அடித்து, அடித்தட்டில் நாலு மூலையிலும் 10 மி.மீ. துளை விட்டு, பூச்சி நுழையாமல் வலை ஒட்டுங்கள்.

கடைசியாக, 'மேஃபிளவர் 1620' என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்று. பின்புறத்தில் ஒட்டும்படி வரைபடம் சொல்கிறது. பிராட்ஃபோர்ட் தன் பயண வரலாற்றில் குறிப்பிடாத அந்தப் பெயர் 1623 காணிப் பங்கீட்டுப் பதிவில் வருகிறது. தகட்டைத் தாங்கியில் ஒட்டிவிட்டு, மேஃபிளவர் 2 இல் இருப்பதுபோலப் பின்புறத்தில் ஹோதோர்ன் என்ற முட்செடியின் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை வரையுங்கள். கப்பலின் பெயருக்கு அர்த்தம் அந்தப் பூதான்.